நாலு பேருக்கான வல்லாரை

என் இடது காலில் முழங்காலுக்குக் கீழே நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும். பச்சையாக, நெளிந்து நெளிந்து கெண்டைக்காலைச் சுற்றிப் போகும். இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கொடுத்தால் வேறென்ன ஆகும்? பெரம்பலூரிலிருந்து குன்னம் வழியாக அரியலூர், அங்கிருந்து மறுபடி பெரம்பலூர். கண்டக்டருக்கென்று ஒரு சீட் இருக்கிறதுதான். அதில் நான் உட்கார்ந்ததைவிடக் கைக்குழந்தைக்காரிகள் உட்கார்ந்ததே அதிகம்.

காக்கி பேண்டை மாட்டிவிட்டால் கால் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதில் குறியாக இருந்தேன். டாக்டர் பார்த்து 'நிற்கக் கூடாது' என்று எழுதிவிட்டால் டெப்போவுக்குள் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். உட்கார்வது நல்லதுதானே என்பீர்கள். என் வீட்டுக்காரி செத்துப்போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி "சாப்பிட்டீங்களாப்பா" என்பாள், "சாப்ட்டேம்மா" என்பேன், அதோடு சரி. பஸ்ஸில்தான் எனக்கு மனுஷர்கள் இருந்தார்கள். "உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று கத்தவாவது ஆள் இருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வேன்? எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

என் டிரைவருக்கு மட்டும் விஷயம் தெரியும். என்னைவிடப் பத்து வயது சின்னவன். "அண்ணே, சாயங்காலமானா கால இழுக்குறீங்க. வல்லாரை குடிங்க. எங்க அத்தைக்கு இதே மாதிரி சுருட்டிக்கிட்டுக் கெடந்துச்சு, வல்லாரையிலதான் வத்திச்சு" என்றான்.

வல்லாரைக்கு ஆள் என் பஸ்ஸிலேயே இருந்தது. அரியலூரில் முதல் ட்ரிப்புக்குக் கூடையோடு ஏறும் கீரைக்கார அம்மா. கொள்ளிடக் கரைப் பக்கத்து ஊர். வாய்க்கால் ஓரத்தில் பறித்ததை ஈரச் சாக்கு போட்டு மூடிக்கொண்டு பெரம்பலூருக்கு விற்க வரும். எங்களுக்குள் தினமும் சண்டைதான். "கூடைக்கு லக்கேஜ் போடணும்" என்பேன். "கீரைக்கு லக்கேஜா? போற போக்குல நான் கட்டியிருக்கற சேலைக்கும் போடுவீங்க போலருக்கே" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லும். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் முறைத்துக்கொண்டே சிரிப்பேன்.

அன்றைக்கு வல்லாரை கேட்டபோது அந்த அம்மா கூடையில் கைவிட்டபடி, "வூட்டுல எத்தன பேருங்க?" என்றது.

"நாலு பேரு" என்றேன்.

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. நான் ஒருத்தன் என்றால் 'ஐயோ பாவம்' என்று ஒரு பார்வை வரும். அந்தப் பார்வையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதுவும் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிற பஸ்ஸில். சொன்ன பொய்க்கு ஆள் வேண்டுமே, சம்சாரம், மகள், பேரன் என்று அடுக்கினேன். மகளுக்கு இன்னும் குழந்தையே இல்லை.

"அப்ப ஒரு கட்டு வேணும்" என்று நாலு பேருக்குக் கூட்டு வைக்கிற அளவில் ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தது. அன்று முதல் தினமும் ஒரு கட்டு. எனக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடும். பாதி போதும் என்று சொன்னால் மீதி மூன்று பேர் என்ன ஆனார்கள் என்று கேட்குமே. வாங்கிய கீரையைக் குப்பையில் போடவும் மனசு வரவில்லை. மிக்ஸியில் மோர் விட்டு அடித்து, காலையில் டூட்டிக்குக் கிளம்புமுன் வெறும் வயிற்றில் ஒரு சொம்பு. மிச்சத்தை அரைத்து ராத்திரி காலில் பற்றுப் போட்டுக்கொண்டு படுப்பேன். லீவு நாளில் கீரை கிடைக்காதே என்று நாட்டு மருந்துக் கடையில் பொடியும் வாங்கி வைத்திருந்தேன். எட்டு மாசம் இப்படிப் போயிற்று.

கால் கனம் குறைந்த மாதிரி இருந்தது. குறைந்ததா, குறைந்தது என்று நானே நினைத்துக்கொண்டேனா, தெரியாது. அந்த அம்மா அடிக்கடி, "கீரை புள்ளைக்கும் நல்லதுங்க, படிப்பு நல்லா வரும்" என்று பேரனை விசாரிக்கும். ஒரு நாள் அவனுக்கென்று ஒரு பை கொடுக்காப்புளி கொடுத்தது. வாங்காமல் இருக்க முடியவில்லை. வீட்டில் டிவியைப் போட்டுவிட்டு அத்தனையையும் நானே தின்றேன். தின்று முடித்ததும் என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அப்புறம் உடம்பு கெட ஆரம்பித்தது. பகலிலும் தூக்கத்தில் கண் சொருகும். சோற்றைக் கண்டால் குமட்டும். டிரைவர்தான் முதலில் பார்த்தான். "அண்ணே, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு." டெப்போவில் அதற்குள் கதை கட்டிவிட்டார்கள். பெண்டாட்டி போனதிலிருந்து குடிக்கிறான், ஈரல் போய்விட்டது என்று. வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவன் நான். எவன் சட்டையைப் பிடிப்பது?

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் என் மகள் வயசுப் பெண். அதுவும் அதையே கேட்டது.

"குடிப்பீங்களா?"

"இல்லைங்க."

"எப்பவாவது?"

"அம்மா, இல்லைன்னா இல்லைங்க!"

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் இல்லைங்க."

நான் மறைக்கவில்லை. கீரையை யாராவது மருந்துக் கணக்கில் சொல்வார்களா? சோறு தின்கிறேன் என்று சொல்கிற மாதிரியல்லவா இருக்கும்.

"கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டது. யாருமில்லை என்றேன். மகளுக்கு நான் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, "காமாலைக்குக் கீழாநெல்லிதாங்க. நாளைக்கு அரைச்சுக் கொண்டாரேன்" என்றது. எனக்கென்று ஒருத்தர் ஏதோ கொண்டு வருகிறேன் என்கிறார்களே, அந்தச் சந்தோஷத்தில் சரியென்று தலையாட்டினேன்.

மறுநாள் ஊசி போட வந்த நர்ஸம்மா போர்வையை விலக்கிவிட்டு நின்றுவிட்டது. "என்ன சார் காலெல்லாம் பச்சையா?" பற்றுப் போட்ட கறை. அதன்மேல் சொறிந்து சொறிந்து சிவந்த தடிப்பு. டாக்டர் வந்து பார்த்தது.

"வல்லாரைங்க. அரைச்சுப் போட்டது."

"குடிக்கவும் செய்றீங்களா? எவ்வளவு?"

கையால் கட்டின் அளவைக் காட்டினேன்.

"வீட்டுல எல்லாருக்கும் சேர்த்தா?"

"நான் ஒருத்தன்தாங்க. வூட்டுல வேற யாரும் இல்லைங்க."

மூன்று வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னது. "வல்லாரையத் தப்பு சொல்லலைங்க. கால் வீக்கம் கொஞ்சம் குறையுதுன்னு சொல்றாங்க. ஆனா புடைச்ச நரம்ப அது உள்ள தள்ளாது. எப்பவாவது கீரையாச் சாப்பிடுறது வேற. இப்படிச் சாறு, பொடின்னு மாசக்கணக்குல எடுத்தா சில பேருக்கு ஈரல் தாங்காது. உங்களுக்கு அதுதான் ஆயிருக்கும்னு தோணுது. நீங்க இனிமே அதத் தொடவே கூடாது. காமாலைக்குன்னு யாராவது கீழாநெல்லி குடுத்தாலும் வேணாம். டாக்டர் மருந்துன்னு கேட்டா கீரை, கஷாயம், பொடி எல்லாம் சொல்லணும்." சொல்லிவிட்டுக் காலை அமுக்கிப் பார்த்தது. இறுக்கமான ஒரு காலுறை போடச் சொன்னது. மூன்று மாசம் நிற்கும் வேலை கூடாது என்று எழுதியும் கொடுத்துவிட்டது. எதற்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ அதுவே கையில் காகிதமாக வந்தது.

வல்லாரையை விட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் வெளுத்தது. டெப்போ நாற்காலிக்குப் போனேன். எட்டு மணி நேரத்தில் மூன்று பேர் வந்து எதையாவது கேட்டால் அதிகம். ஒரு காலையில் பொறுக்க முடியாமல் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். என் பஸ் வந்தது. கீரைக்கார அம்மா இறங்கியது.

"எங்கங்க போயிட்டீங்க? புது கண்டக்டரு கூடைக்கு நெசமாவே லக்கேஜ் போட்டுட்டான். பேரன் எப்படியிருக்கான்?"

"பேரன் கெடையாதுங்க. சம்சாரமும் இல்ல. நான் ஒண்டிதான். அந்தக் கட்டு பூராவும் நானே குடிச்சு, காமாலை வந்து ஆஸ்பத்திரியில கெடந்தேன்."

'ஐயோ பாவம்' வரும் என்று நின்றேன். வரவில்லை. அந்த அம்மாவுக்குக் கோபம்தான் வந்தது.

"ஒருத்தருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரு புடிதானங்க குடுத்திருப்பேன்! நாலு பேரு, நாலு பேருன்னு சொல்லி என் கையாலயே..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

பிறகு கூடையை இறக்கி, ஒரு சிறுகீரைக் கட்டைப் பிரித்தது. அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வாழைநாரால் தனியாகக் கட்டியது. "ஒருத்தருக்கு இது போதும்" என்று என் கையில் வைத்தது.

அது உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. என் வீட்டுக்காரி கீரை ஆய உட்கார்ந்தால் அரைமணி நேரம் பேசிக்கொண்டே ஆய்வாள். நான் வீட்டுக்கு வந்து முறத்தில் கொட்டி ஆய்ந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.