துவாய்க்குள் ஒளித்த கருவாட்டுக் கறி

நீர்ப்பூங்காவுக்குள் சாப்பாடு யானை விலை என்றார்கள். அதனால் சோறும் கருவாட்டுக் கறியும் கட்டி, தலை துவட்டும் துவாய்களுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, பெரியகல்லாற்றிலிருந்து பிள்ளைகளோடு கிளம்பினேன்.

வாசலில் பையைத் திறக்குமுன்பே காவலாளி மூக்கை உறிஞ்சினார். "அக்கா, கருவாடா?"

பையை இறுக்கிப் பிடித்தேன். பிள்ளைகள் பார்த்திருக்கக் குப்பையில் கொட்டிவிடுவாரோ?

"உள்ள கொண்டு போக ஏலா. இஞ்ச வைச்சிட்டுப் போங்க. கையில சீல் குத்திவிடுறன், பசிச்சா வெளிய வந்து சாப்பிட்டுட்டு மறுகா உள்ள போகலாம்."

மத்தியானம் வெளியே வந்தால், வேப்பமர நிழலில் எத்தனையோ குடும்பங்கள் சோற்றுப்பொதி அவிழ்த்துக்கொண்டிருந்தன. ஒளித்து வந்தவள் நான் ஒருத்திதான்போல.

எங்கள் பொதியைக் கொண்டுவந்து தந்த காவலாளி நகரவில்லை. "அக்கா, கருவாடு மிஞ்சுமா?"

சிரித்தபடி அவருக்கும் போட்டேன்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் முதலில் வாசலில் கேட்டுவிடுகிறேன். கருவாட்டை மட்டும் விடவில்லை.