எழுதாமல் விட்ட பெயர்

அறுபத்தைந்தாம் வருஷம், பங்குனி மாதம். உத்திரமேரூர் பயணியர் விடுதியின் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இடம் இருந்தும் தரையில் உட்கார்ந்திருந்தார் எங்கள் ஊர்ச் சேரியைச் சேர்ந்த ஓர் அம்மா. அவரை இந்த நாட்டில் இருக்க விடுவதா, பர்மாவுக்கே திருப்பி அனுப்புவதா என்று உள்ளே இருந்த அதிகாரி முடிவு செய்யப் போகிறார். நான் சாட்சி சொல்ல வந்தவன். பெருநகர் என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்போது ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்தேன்.

அந்த அம்மா பர்மாவில் பிறந்த பர்மியப் பெண். எங்கள் ஊரிலிருந்து அங்கே நெல் அறுக்கப் போன ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அவரோடு காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்தவர். வந்த புதிதில் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். தெருவே கூடிச் சிரித்ததாம். அன்றோடு அதை விட்டுவிட்டார். நாற்று நடக் கற்றுக்கொண்டார், களி கிண்டக் கற்றுக்கொண்டார், எங்கள் பேச்சையும் பிடித்துக்கொண்டார். 'ழ' மட்டும் வராது. எங்கள் ஊரில் யாருக்குமே அது வராது என்பதால் குறையாகத் தெரியவில்லை.

இப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. புருஷனும் இறந்துபோனார். பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்த சமயம் அது. அப்படி வந்தவர்களுக்கு வீட்டு மனை கிடைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அவருடைய மகன், 'என் தாயாரும் பர்மாவில் பிறந்தவர்' என்று மனுப் போட்டுவிட்டான். மனை வரவில்லை, போலீஸ்காரர்தான் வந்தார். பாஸ்போர்ட் எங்கே, எந்த அனுமதியில் இருக்கிறாய் என்று கேட்டார்.

மகன் என்னிடம் படித்தவன். மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"சார், சொதந்தரத்துக்கு அப்பால அரசியல் சட்டம் வந்த காலத்துல எங்கம்மா இங்கதான் இருந்துச்சுன்னு ஒரு காயிதம் காட்டணுமாம். மொத எலெக்ஷனுக்கு நீங்கதான பேரு எயுதினீங்க? அதுல எங்கம்மா பேரு கீதுல்ல?"

இல்லை என்று எனக்குத் தெரியும்.

வாக்காளர் பெயர் எழுத நான் போனது நல்ல நடவு நேரம். சேரியில் எல்லாரும் கழனிக்குப் போயிருந்தார்கள். இந்த அம்மா மட்டும் காய்ச்சல் கண்ட மகனோடு வீட்டில் இருந்தார். நான் சேரிக்குள் கால் வைக்கவில்லை. என்னை வளர்த்த விதம் அப்படி. வெட்கமில்லாமல் தெருமுனையில் நின்றே குரல் கொடுத்தேன். இன்னாருடைய மனைவி என்று எழுதவேண்டும், புருஷன் பேரைச் சொல் என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அத்த எப்பிடி சார் என் வாயால சொல்றது? பொய்து சாஞ்சா வந்துடுவாரு. அவரையே கேட்டு எயுதிக்கோ சார்."

பர்மாவில் பிறந்து வளர்ந்தவர், எங்கள் ஊர்ப் பெண்களைவிட ஒரு படி மேலாகவே எங்கள் வழக்கத்தைக் காப்பாற்றினார். எனக்கோ வெயில் மண்டையைப் பிளந்தது. "பேர் சொல்லலேன்னா ஓட்டு கிடையாது, போ" என்று நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு ஒருநாள் புருஷன் பள்ளிக்கூடத்துக்கே வந்து தன் பேரை எழுதவைத்துக்கொண்டு போனார். மனைவியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த தேர்தலில் அந்த அம்மாவின் பேரும் ஏறிவிட்டது. ஆனால் விசாரணைக்கு வேண்டியிருந்தது முதல் பட்டியல்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி நல்ல மனிதர்தான். அந்த அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. அதிகாரி பழைய பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"புருஷன் பேர் இருக்கு, இவங்க பேர் இல்லையே. நீங்கதானே எழுதினது? அப்போ இவங்க ஊர்ல இருந்தாங்களா?"

இருந்தாங்க, நான்தான் எழுதாமல் வந்துவிட்டேன். இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வருஷம் எனக்குத் தலைமை ஆசிரியர் பதவி வர இருந்தது. சர்க்கார் வேலையில் கோட்டைவிட்டேன் என்று என் வாயாலேயே சொன்னால் அது என்ன ஆகும் என்று மனசு பயந்தது.

"ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. பிறகு அதிகாரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார் மேல தப்பு இல்லீங்க. அவரு வந்து கேட்டாரு. நான்தான் சொல்லாம பூட்டேன். இப்ப சொல்றேன், எயுதிக்கோங்க."

சொல்லிவிட்டுப் புருஷனின் பேரைச் சொன்னார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அதிகாரிக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொரு தடவையும் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இந்தம்மா சொல்றது நிஜமா?" என்று என்னை மறுபடி கேட்டார். கடவுள் எனக்கு இரண்டாவது தடவையும் வழி காட்டினார் என்றுதான் இன்று நினைக்கிறேன். "வருஷம் ரொம்ப ஆயிட்டுதுங்களே" என்று இழுத்தேன்.

அடுத்த மாதமே உத்தரவு வந்தது. ஒரு துணி மூட்டையோடு அவர் பெருநகரில் பஸ் ஏறினார் என்று கேள்விப்பட்டேன். வழியனுப்ப எனக்கு முகம் இல்லை. ரங்கூனில் அவருக்கு உறவென்று ஒருவரும் மிஞ்சவில்லை. அங்கே அவரைத் தமிழச்சி என்று ஒதுக்கினார்கள் என்று திரும்பி வந்தவர் ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு தகவலே இல்லை.

அவருடைய மகன் மட்டும் எங்கே பார்த்தாலும் "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போவான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஒரு மண்ணில் பாதி ஆயுள் உழைத்தவரை ஒரு தாள் இல்லை என்பதற்காக வெளியே அனுப்பலாமா என்பதைச் சட்டம் படித்தவர்கள் பேசட்டும். எனக்குத் தலைமை ஆசிரியர் பதவி அந்த ஆனி மாதமே வந்தது. ஓய்வு பெறும் நாள்வரை அந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம், அந்த அம்மாவைக் கப்பலேற்றிவிட்டு வாங்கிய நாற்காலி இது என்று நினைக்காமல் நான் உட்கார்ந்ததில்லை.