நான் சேர்த்த ‘ஆதலால்’

கல்லூரியில் இலக்கியம் பயின்ற நாள்களில், புதுச்சேரியில் வெளிவந்த ஒரு சிறிய வார இதழுக்குச் செய்திகளைச் செப்பனிட்டுக் கொடுத்துவந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து குறிப்புகள் துண்டுத் தாள்களில் வரும். அவற்றைக் கோத்துப் பத்தியாக்குவது என் வேலை. கோப்பதற்கு நான் அதிகம் நம்பிய சொல் ‘ஆதலால்’. அது அப்பாவிடமிருந்து வந்தது. அவர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பிரெஞ்சு அறிவிப்புகளைத் தமிழில் எழுதும் எழுத்தர்.

“ஒன் பத்தியில ஒரு ஆதலால் கொறைஞ்சா, ஒடம்பு சரியில்லையோன்னு பயந்துடுறேம்மா” என்பார் இதழாசிரியர்.

பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த ஒரு குறிப்பில் மூன்றே வரிகள் இருந்தன. மீனவக் குடும்பம் ஒன்றில் அண்ணன் தம்பிக்குள் வலையைப் பற்றி வாய்ச்சண்டை. மறுநாள் விடியலில் அண்ணன் கட்டுமரத்தில் தனியாகப் போனார். கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. இரண்டாம் வரியின் தொடக்கத்தில் நான் ‘ஆதலால்’ சேர்த்தேன். சற்றும் தயங்கவில்லை என்பது தெளிவாக நினைவிருக்கிறது.

இதழ் வெளிவந்த நான்காம் நாள், இறந்தவரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார்.

“எங்க வூட்டு சேதிய எழுதுனது யாரு?”

“நான்தாங்க.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீயா? மீசை வெச்ச ஆளு எவனாச்சும் இருப்பான்னு நெனச்சிக்கினு வந்தேன்.”

உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

“டீக்கடையில சத்தமா படிச்சாங்க. ஆதலால்னு வந்ததும் எல்லாரும் பேச்ச நிறுத்திட்டாங்க. மேரி நோட்டீசுல அதுக்கு அப்புறம் வர்றதுதானே உத்தரவு? என் கொழுந்தன் மேல குத்தம்னு பேப்பர்லயே தீந்துடுச்சின்னு பஞ்சாயத்துல சொல்லிட்டாங்க. அவன யாரும் கட்டுமரத்துல ஏத்தக் கூடாதாம். இப்ப என் மூணு புள்ளைங்களுக்கும் அவன்தான் கடலுக்குப் போயி சோறு போடணும்.”

பல ஆண்டுகளாக அவ்வூரார் கேட்டுவந்த அறிவிப்புகளில் அந்தச் சொல்லுக்கு முன்னால் வருபவை காரணங்கள், பின்னால் வருவது ஆணை. அவற்றில் சிலவற்றை என் அப்பாவே எழுதியிருப்பார்.

“வரிகளச் சேக்கறதுக்காகப் போட்டது அது, அக்கா” என்றேன்.

“சேக்கறதுக்கா?” என்று மட்டும் கேட்டார்.

சண்டையினால்தான் அவர் தனியாகப் போனாரா என்று மெதுவாக விசாரித்தேன்.

“பாதி நாளு தனியாத்தான் போவாரு.”

“அன்னிக்கு?”

மைக்கூட்டைப் பார்த்தபடி, “அன்னிக்கு நான் தூங்கிட்டேன்” என்றார்.

அதற்குள் ஆசிரியர் வந்துவிட்டார். கேட்டுவிட்டு, அந்தச் சொல்லை நீக்கிச் செய்தியை மறுபடி போடலாம் என்றார்.

“எடுத்துட்டா எவனுக்குத் தெரியும்? அதே வார்த்தையப் போட்டு, அவன் மேல குத்தமில்லன்னு எழுதுங்க. அப்பத்தான் ஊரு கேக்கும்.”

“எது உண்மைன்னு எனக்குத் தெரியாதே” என்றேன்.

“மொதல்ல எழுதுனப்ப தெரிஞ்சுதா பாப்பா?” அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்று பிற்பகல் முழுவதும் எழுதினேன், அடித்தேன். இறுதியில் மிஞ்சியது இவ்வளவுதான்: ‘இறந்தவர் தனியே கடலுக்குச் செல்லும் வழக்கமுடையவர் என்று அவர்தம் மனைவி தெரிவிக்கிறார். ஆதலால், இளையவர்மீது குற்றமில்லை.’ அச்சுப்படி வந்ததும் அந்தச் சொல்லின்மேல் பென்சிலை வைத்தேன். மூன்று பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். பென்சிலை எடுத்துவிட்டேன். முதலில் செய்த பிழையைத் திருத்தினேனா, அதையே மறுமுறையும் செய்தேனா என்பது அப்போதும் விளங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பிள்ளைச்சாவடியிலிருந்து அடுத்த குறிப்பு வந்தது. காற்று தணிந்தது. கட்டுமரங்கள் கடலுக்குப் போயின. இறந்தவரின் தம்பியும் போனார்.

மூன்று வரிகளையும் வந்தபடியே எழுதி நீட்டினேன். ஆசிரியர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?”