மூன்றாவது மேடு

என் மனைவி கண்ணாடியை உடைத்துச் சம்பளம் வாங்குகிறவள். நான் கண்ணாடி உடையாமல் பார்த்துக்கொண்டு வயிறு வளர்க்கிறவன். ஜன்னலுக்கும் மேசைக்கும் வெட்டிக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. எந்தப் புண்ணியவான் எங்களை ஜோடி சேர்த்தானோ!

அவளுக்கு நான் வைத்த பெயர் குடைச்சல். புதுப் பை வாங்கினால்கூட உள்ளே திருப்பித் தையலைப் பார்ப்பாள். ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் வேலையும் அதுதான். கண்ணாடித் துண்டின் மேல் எக்ஸ்ரே விழும். எலக்ட்ரான்கள் துள்ளி வெளியே வரும். அவை எவ்வளவு தெம்போடு வருகின்றன என்று அளந்தால், கண்ணாடியில் இருக்கிற ஆக்ஸிஜன் யாரோடு சேர்ந்திருக்கிறது என்று தெரியுமாம். இரண்டு சிலிக்கான்களைக் கைகோத்துப் பிடித்திருக்கும் ஆக்ஸிஜனுக்கு வரைபடத்தில் ஒரு மேடு. ஒன்றை மட்டும் பிடித்துத் தொங்குவதற்கு இன்னொரு மேடு. இவள் ஓரத்தில் மூன்றாவதாக ஒரு குட்டி மேட்டைக் கண்டுவிட்டாள்.

கண்ணாடிக்குள் புதுவித ஆக்ஸிஜன் என்று கூடத்தில் ஒரே பேச்சு. அவளுடைய தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. "இது ஒண்ணு போதும்மா, உன்னை நிரந்தரமாக்கிடுவாங்க" என்றாராம்.

நிரந்தரம்! ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் அவளுக்கு ஊர் மாறும். நான் கடையைப் பிரித்துக்கொண்டு பின்னாலேயே போய், புது ஊரில் உட்கார்ந்து ஈ ஓட்டுவேன். இந்த ஊரில்தான் கடை காலூன்றியிருந்தது. வாசலில் தொங்கும் துணிப் பேனரைக் கழற்றிவிட்டுக் கடைப் பெயரை எவர்சில்வர் எழுத்தில் பதிக்கலாம் என்று அவளுக்குத் தெரியாமல் ஆளிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

அந்த நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்கு முந்தின வாரம், சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, சோத்துலயும் மேடு தெரியுதா?"

"இல்லங்க. அந்த மேடு கண்ணாடியோட மேல்தோல்ல இருந்து வருதோன்னு சந்தேகமா இருக்கு."

"அழுக்கா? நீதான் காத்தே இல்லாத இடத்துல வச்சு ஒடிக்கறியே!"

அவர்கள் முறை அது. காற்றுப் பட்டால் ஈரமும் கரியும் ஏறிக்கொள்ளும் என்று, காற்றை உறிஞ்சியெடுத்த கூண்டுக்குள்ளேயே கண்ணாடிக் குச்சியை ஒடித்து, அந்தப் புது முகத்தை அளப்பார்கள்.

"அதுலதாங்க ஏமாந்துட்டேன். அழுக்கு இல்லைன்னா தோலே இல்லைன்னு நினைச்சுட்டேன். எவ்வளவு சுத்தமா ஒடிச்சாலும், ஓரத்துல இருக்கற அணுவுக்கு ஒரு பக்கம் பக்கத்து வீடே கிடையாதே. அதோட நிலைமை வேறயாத்தானே இருக்கும்?"

"அதை எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"கண்ணாடியைச் சாய்ச்சு வச்சு அளக்கணும். சாய்வா வெளிய வர்ற எலக்ட்ரான் பெரும்பாலும் மேல்தோல்ல இருந்துதான் வரும். ஆழத்துல கிளம்பினது வழியிலயே களைச்சுப்போயிடும். சாய்க்கும்போது மேடு வளர்ந்துச்சுன்னா அது தோல்தான்."

"அம்மா தாயே, நேர்காணல் முடியட்டும். அப்புறம் சாய்ச்சுக்கோ, கவுத்துக்கோ."

"சந்தேகம் வந்தப்புறம் மறைச்சா அது பொய்யில்லையா?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். மறுநாள் கடையில் அலமாரிக் கதவுக் கண்ணாடி ஒன்றைக் குட்டையாக வெட்டித் தொலைத்தேன்.

அன்று மாலை நேராகக் கடைக்கே வந்தாள். "வளர்ந்துடுச்சுங்க."

கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் விஷயம் பிடிபட்ட சந்தோஷம் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு திட்ட வாய் வரவில்லை.

நேர்காணலில் அவளே முதலில் சொன்னாள். "அப்போ புதுசா ஒண்ணுமில்லைங்கறீங்க?" என்று ஒருவர் கேட்டாராம். "உள்ள ஒண்ணுமில்லைங்க. ஆனா இனிமே தோலோட பங்கைக் கழிச்சுட்டுத்தான் உள்ள இருக்கறதைப் பத்திப் பேசணும்" என்றிருக்கிறாள். பாராட்டினார்கள், கை குலுக்கினார்கள், வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். பாவிகள்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

"என் மேல கோவமா?" என்று கேட்டாள்.

"பாதி உன் மேல, பாதி அவங்க மேல."

"உங்க கடையை நினைச்சாத்தான்..." என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"அட போம்மா. கடையைப் பிரிக்கறது எனக்குப் பழகிப்போச்சு" என்றேன். எங்கே பழகியது?

வேறோர் ஊரில் அவளுக்கு வேலை கிடைத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, எவர்சில்வர் எழுத்துக்காரர் வாசலில் வந்து நின்றார். வேண்டாம் என்று அவருக்குச் சொல்ல மறந்தே போயிருந்தேன். பளபளவென்று என் கடைப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தரையில் பரப்பிவிட்டுப் போனார். அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பழகிப்போச்சுன்னு சொன்னீங்க?"

நான் கயிற்றை முடிச்சுப் போடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தையும் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள்.

"அங்கயும் ஒப்பந்தம்தானேம்மா?"

"ஆமா. இருந்தாலும் போன அன்னிக்கே எழுத்தை மாட்டிடுவோம்."