சிற்றாற்றில் என்னைப் பிடித்த கை

ஆனி மாதத்துச் சிற்றாற்றுத் தண்ணீர் முதலில் கணுக்காலைக் கடிக்கும்... அப்புறம் முழங்காலை. இடுப்புக்கு வந்ததும் பல் தானாகக் கிட்டிக்கொள்ளும்.

அறுபதுகளின் ஆரம்பம். குற்றாலத்தில் சீசன். அருவிப் பக்கம் கூட்டம் நெரிய, கொஞ்சம் கீழே தள்ளி ஆற்றோரத்தில் எங்கள் சபையார் முப்பது பேர் பாடிக்கொண்டு நின்றோம். எனக்கு அன்று ஞானஸ்நானம்.

ஆனால் அந்தத் தண்ணீரில் இறங்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் போதகர் ஈர்க்குச்சி மாதிரி ஆள். பேச்சில் மட்டும் இரும்பு. ஞானஸ்நானம் கேட்டுப் போனால் வசனம் ஒப்பிக்கச் சொல்லமாட்டார். “யாருக்குத் துரோகம் செஞ்சீரு? அவங்ககிட்ட சொல்லிட்டு வாரும்” என்பார். அவ்வளவுதான்.

எனக்கு உடனே முத்தையா அண்ணாச்சி முகம் வந்து நின்றது.

இலத்தூரில் எங்கள் வயல்களுக்கெல்லாம் முறை வைத்துக் குளத்துத் தண்ணீரைப் பாய்ச்சியவர் அவர். முந்தின மாசியில், நெல் பால் பிடிக்கும் நேரம், குளத்தில் தண்ணீர் அடியில்தான் கிடந்தது. ஊரே ஒரு கல்யாண வீட்டில் இருந்த பட்டப்பகலில், நான் மடையைத் திறந்து என் வயலுக்கு விட்டுக்கொண்டேன். கீழ்வயல்கள் காய்ந்தன. பழி அண்ணாச்சி மேல் விழுந்தது. ஆள் பார்த்துத் தண்ணீர் விடுகிற கள்ளன் என்று அவர் வேலையைப் பறித்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் தலையாட்டினேன்... பாவி.

அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை.

“எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? நான் கள்ளன் இல்லன்னு எனக்குத் தெரியும்லா. ஊருக்குத் தெரியுமா? அங்கன வந்து சொல்லும்.”

அதற்குத்தான் மூன்று மாதம்! எங்கள் குடும்பம் மீசையை முறுக்கியே பிழைத்த குடும்பம். “சொன்னேன்னா வீட்டு வாசப்படி மிதிக்காதலே” என்றார் என் அப்பா.

ஒருநாள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்லியே விட்டேன். காய்ந்த வயல்காரர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள், வாங்கிக்கொண்டேன். மறுவாரமே மடை முத்தையா அண்ணாச்சி கைக்குத் திரும்பியது. என் அப்பா மட்டும் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

அப்புறம்தான் ஆறு. சாரல் தூறுகிறது, பாறையெல்லாம் பாசி, நல்ல இழுப்பு. நான் தடியன், போதகரோ பாதி ஆள். இரண்டு பேரும் தடுமாறியதும் கரையில் எல்லோரும் அலறினார்கள்.

நெற்றி நிறையத் திருநீறோடு ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முத்தையா அண்ணாச்சி! யாரும் கூப்பிடாமலே வந்திருக்கிறார். எனக்குக் கீழ்ப்பக்கம் நின்று தோளைப் பற்றினார்.

“தண்ணி சங்கதி எனக்குத் தெரியும் சாமி. நீங்க முக்குங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்.”

முங்கி எழுந்தேன். கரையில் எழுந்த அல்லேலூயா அருவிச் சத்தத்தையே அமுக்கியது. நண்பர்களே, என் வாழ்க்கையில் நான் ஜெயித்த நாள் அதுதான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இப்போது சபைக்குள்ளேயே டைல்ஸ் தொட்டி, ஹீட்டர் போட்ட தண்ணீர், வீடியோ, கேக். போன மாதம் என் பேரன் ஞானஸ்நானம் எடுத்தான். சந்தோஷம்தான், குறை சொல்லமாட்டேன். சர்டிபிகேட்கூட பிளாஸ்டிக் உறை போட்டுப் பளபளவென்று கொடுத்தார்கள்.

என்னுடையது மடிப்பில் கிழிந்துபோன பழுப்புக் காகிதம். சாட்சிக் கையெழுத்தைச் சபை மூப்பர்தான் போடவேண்டும். அன்று போதகர் பேனாவை வேறொருவரிடம் நீட்டினார். என்னால் கள்ளன் என்று பெயரெடுத்த மனிதர், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, எனக்குச் சாட்சியாகத் தன் பெயரை எழுதினார்.