ஆளுக்கொரு திரை

றுஸ்தாவின் வீடு சாய்ந்தமருதில், கடற்கரைப் பக்கம். அவளுக்குக் கொழும்புக் கம்பனி ஒன்றில் வேலை, ஆனால் வீட்டிலிருந்தே. வெளிநாட்டு ஹோட்டல்களில் அறை பதிந்தவர்கள் அனுப்பும் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுத வேண்டும். வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. திங்கட்கிழமைக் கூட்டம்தான் தொண்டையில் சிக்கிய முள்.

குழுவில் ஐந்து பேர் கொழும்பு அலுவலகத்தில் இருந்தார்கள். வெளியே மூன்று பேர்: றுஸ்தா, திருக்கோவிலில் நிரோசன், பதுளையில் விதுஷா. கூட்டமென்றால் கொழும்புக்காரர்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, மேசையின் கடைசியில் ஒரு லெப்டொப்பைத் திறந்து வைப்பார்கள். வெளியே இருப்பவர்களுக்கு அறையின் கூரையும் யாரோ ஒருவரின் முழங்கையும்தான் தெரியும். உள்ளே சிரிப்பார்கள், எதற்கென்று விளங்காது. முடிகிற நேரத்தில் குழுத் தலைவர் ஃபர்ஹான் குனிந்து கேட்பார்: “கல்முனை, ஏதும் சொல்ல இருக்கா?”

“கல்முனை இல்ல, சாய்ந்தமருது. பேர் றுஸ்தா,” என்று முதல் மாதமே சொல்லிப் பார்த்தாள்.

“ரெண்டும் ஒண்டுதானே,” என்றார் அவர். பக்கத்துக் கல்முனையிலிருந்து பிரிந்து தனிச் சபை கேட்கும் சாய்ந்தமருதுக்கு வந்து அதைச் சொல்லியிருந்தால் தேத்தண்ணிக் கடையில் நின்றவர்கள்கூட அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு ஒரு கூட்டத்தில் இரவு வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. வெளியாட்கள் எப்படியும் வீட்டில்தானே இருக்கிறார்கள், அவர்களே முழுவதையும் பார்க்கட்டும் என்று யாரோ சொன்னது றுஸ்தாவின் காதில் அரைகுறையாக விழுந்தது. “கொஞ்சம் பொறுங்க, நான் கதைக்கணும்,” என்றாள். யாரும் திரும்பவில்லை. நிரோசனும் கூப்பிட்டுப் பார்த்தான். முழங்கை அசையவே இல்லை. பின்னேரம், முடிவாகிவிட்டது என்று செய்தி வந்தது.

கொழும்பு அலுவலகத்தில் இருந்த சுஜித்தாவுக்கு மனம் கேட்கவில்லை. தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னாள். “உங்கட பக்கம் மீன்காரன்ட ஹோன் சத்தம் கேக்குது எண்டு, கூட்டம் தொடங்கினதும் அவங்க லெப்டொப்பின்ட சத்தத்தக் குறைச்சிருவாங்க அக்கா. முடியிற நேரந்தான் திரும்பக் கூட்டுவாங்க. எப்பவும் அப்படித்தான்.”

றுஸ்தாவுக்கு முகம் சுட்டது. இத்தனை காலமும் அவள் சொன்ன வணக்கம், யோசனை, சலாம் எல்லாம் யாருக்கும் கேட்காத ஒரு பெட்டிக்குள் போயிருக்கிறது.

அடுத்த திங்கள் வருமுன் நிரோசனோடும் விதுஷாவோடும் கதைத்து வைத்தாள். கூட்டம் தொடங்குமுன்பே, சத்தத்தைக் குறைக்க இடம் கொடாமல், ஃபர்ஹானுக்கு நேராக அழைப்பெடுத்தாள்.

“இனி எல்லாரும் அவங்கவங்கட திரையில இருந்து வாங்க. கொழும்பில இருக்கிற நீங்களும்தான். அதுவரைக்கும் நாங்க மூணு பேரும் வேல செய்வம், கூட்டத்துக்கு வரமாட்டம்.”

“பக்கத்துப் பக்கத்துல உக்காந்துக்கொண்டு ஆளுக்கொரு ஹெட்செட் போடுறதா? பாக்கிறவங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். நாங்க எவ்வளவு நாளா உங்கட முழங்கையப் பாத்துக்கொண்டு இருக்கம்.”

கடையிலிருந்து சாப்பிட வந்த கணவன் றஸாக் இதைக் கேட்டுக்கொண்டு நின்றான். “வேல போனா என்ன செய்யிற புள்ள?”

“போகட்டும். வாய் இருந்தும் ஊமையா இருக்கிறதுக்கு எனக்கு வேல தேவையில்ல.”

இரண்டு திங்கட்கிழமைகள் மூவரும் போகவில்லை. முறைப்பாடுகளுக்கு மட்டும் பதில் தவறாமல் போயிற்று. மூன்றாவது கிழமை ஃபர்ஹான் அழைத்தார். குரல் இறுகியிருந்தது. “மேல கேக்கிறாங்க. ஒழுங்கு மீறினதா எழுத வேண்டி வரும்.”

“எழுதுங்க. எங்கட சத்தத்தக் குறைச்சு வெச்சதயும் சேத்து எழுதுங்க. நானும் கையெழுத்து வெச்சுத் தாறன்.”

“பாப்பம்,” என்று ஃபர்ஹான் அழைப்பை வைத்துவிட்டார்.

அடுத்த திங்கள் திரையில் எட்டுக் கட்டங்கள் தெரிந்தன. எட்டிலும் முகங்கள். ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் இருந்தார். ஃபர்ஹான் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. இரவு வேலையைத் திரும்ப எடுத்து எட்டுப் பேருக்கும் முறை வைத்தபோதுதான் றுஸ்தாவைப் பார்த்து, “சரியா, றுஸ்தா?” என்றார்.

“ஓம், இப்ப சரி.”

ஆவணியில் வருடாந்த விருந்துக்கு மூவரையும் கொழும்புக்கு அழைத்தார்கள். றுஸ்தா ஒரே பிடியாக நின்றாள். “ஒவ்வொரு முறையும் நாங்கதான் வரணுமா? இந்த முறை நீங்க வாங்க.”

எல்லாரும் வரவில்லை. ஃபர்ஹான் வேறு பயணம் இருப்பதாகச் சொன்னார். றுஸ்தா அதை நம்பவுமில்லை, கிளறவுமில்லை. சுஜித்தாவும் இன்னும் இருவரும் வேன் பிடித்துச் சாய்ந்தமருதுக்கு வந்தார்கள். விதுஷா பதுளை பஸ்ஸில் வந்து இறங்கினாள், நிரோசன் மோட்டார் சைக்கிளில் வந்தான். பெண்கள் சஹன் என்னும் பெரிய சோற்றுத் தட்டொன்றைச் சுற்றியும், றஸாக்கோடு ஆண்கள் இன்னொரு சஹனைச் சுற்றியும் உட்கார்ந்து, ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டார்கள். சுஜித்தா முதலில் தயங்கினாள். றுஸ்தா இறைச்சித் துண்டொன்றை அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

“அடுத்த வருஷம் பதுளைக்கு,” என்றாள் விதுஷா.

“திருக்கோவிலுக்கு,” என்றான் நிரோசன் மற்றச் சஹனிலிருந்து.

சோறு ஆறும்வரை அதில்தான் சண்டை.