வாய்க்கால் பிள்ளையார் நடத்திய கண் முகாம்

என் அக்கா சோற்றுப் பானையை மேசைக்கு வெளியே வைத்த நாளில்தான் நான் உண்மையாகப் பயந்தேன். பானை கவிழ்ந்து சுடுசோறு அவருடைய காலில் கொட்டியது. இரண்டு கண்ணிலும் வெண்புரை படர்ந்து பார்வை மங்கியிருந்தது. வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சத்திரசிகிச்சை செய்வோம் என்றால் ஒரே பிடிவாதம்.

"ஊர்ச்சனத்தோட எண்டா வாறன். தனியப் போய்ப் படுக்கமாட்டன்."

என் மனைவி இறந்தபின் என் பிள்ளைகளை வளர்த்தவர் அவர். அவருடைய கண் அணைந்துகொண்டே போனது.

நான் உருத்திரபுரத்தில் ஒரு சேவைக் கழகத்தின் செயலாளர். போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் ஏழு பேர் மண்வெட்டியும் வாளியுமாகச் சேர்ந்து, பாழடைந்த கிணறுகளை இறைத்ததுதான் கழகத்தின் தொடக்கம். பெயர் வைத்ததே பிறகுதான். அதன்பின் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள், நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி, பெண்களுக்குத் தையல் இயந்திரம் என்று வேலை வளர்ந்தது. கூடவே என் தலைக்கனமும் வளர்ந்தது. நான் இல்லாவிட்டால் கழகம் ஓடாது என்று வாய்விட்டே சொல்லித் திரிந்தேன்.

அக்காவை மனதில் வைத்து, போன சிறுபோக விதைப்புக் காலத்தில் ஒரு கண் முகாம் ஒழுங்கு செய்தேன். வவுனியாவில் இருந்து டொக்டர் வருவார். வெண்புரை உள்ளவர்களை அன்றே பஸ்ஸில் கூட்டிப் போவார். பஞ்சாங்கத்தைப் புரட்டி நல்ல நாள் ஒன்றை நானே குறித்தேன். ஒருவரையும் கேட்கவில்லை.

அன்று மண்டபத்தில் அறுபது கதிரை போட்டோம். ஒன்பது மணிக்கு அக்கா மட்டும் இருந்தார். பத்து மணிக்கும் அவர் மட்டும்தான். அப்போதுதான் விஷயம் விளங்கியது. வயல் செய்யும் கமக்காரரும் அதே பஞ்சாங்கத்தைத்தானே பார்ப்பார்கள்! அதே நல்ல நாளில் குளத்தைத் திறந்து விதைப்புக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்தப் போகம் என் வயலுக்குத் தண்ணீர்ப் பங்கு இல்லாததால் நாள் குறிக்கும் அவர்களுடைய கூட்டத்துக்கு நான் போகவில்லை.

"ஒருத்தரும் வராட்டி பஸ்ஸைத் திருப்பி அனுப்பட்டோ?" என்று டொக்டர் கேட்டார்.

அக்கா எழும்பினார். "அப்ப நான் வீட்டை போறன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைப் பிள்ளையாரிடம் ஓடினேன். அதுவரை அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை. செய்யப்போவதைச் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். அன்று விழுந்து அழுதேன். "பிள்ளையாரே, என் கெட்டித்தனம் இவ்வளவுதான். என் பிழைக்கு அக்காவைத் தண்டிக்காதே" என்று கெஞ்சினேன்.

எழும்பிப் பார்த்தால் பின்னால் ஊரே நிற்கிறது! விதைக்குமுன் பிள்ளையாருக்குப் பொங்கித் தேங்காய் உடைக்க வந்திருந்தார்கள். என் அவசரத்தில் அந்த வழக்கமும் மறந்துபோயிருந்தது. கமக்காரரின் தலைவர் செல்லத்துரை அண்ணை என் கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"தண்ணி இஞ்ச வந்துசேர மத்தியானம் ஆகும். அதுவரைக்கும் சும்மாதானே நிக்கிறம். டொக்டரை இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ."

கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டையை உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் கட்டினோம். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சனம் வரிசையில் நின்றது. வீடுகளில் இருந்த வயதானவர்களையும் பிள்ளைகள் போய்ச் சைக்கிளில் ஏற்றி வந்தார்கள். டொக்டரும் வாழையிலையில் பொங்கல் சாப்பிட்டார். வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது இருபத்துமூன்று பேர் பஸ்ஸுக்கு ஆயத்தம். பஸ் எங்கள் வீட்டு வாசலில் நின்றதும், "ஊரே போகுது, நான் நிக்கிறதே?" என்று அக்கா உடுப்புப் பையோடு ஏறிவிட்டார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் கண்கட்டு அவிழ்த்த அன்று அக்கா என் முகத்தையே பார்த்தார்.

"தம்பி, இவ்வளவு நரைச்சுப் போச்சே! ஏனடா எனக்குச் சொல்லேல்லை?"

வார்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணீரோடு.

இப்போது எங்கள் முகாம் தண்ணீர் திறக்கும் நாளில், வாய்க்கால் கரையில்தான். எந்த நாள் என்று கமக்காரர் குறிக்கிறார்கள். நான் கதிரை தூக்குகிறேன். மனதுக்கு அது எவ்வளவோ சுகம். கவலையோடு இதை வாசிக்கிறவர்களே, நீங்களும் பிள்ளையாரிடம் போய்ச் செய்த பிழையையும் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள். என்னைப் போன்ற தலைக்கனக்காரனையே அவர் கைவிடவில்லை.

அக்கா இந்த முறை சத்திரசிகிச்சைக்குப் பயந்து ஒளிக்கிறவர்களின் வீட்டுப் படலைகளில் போய்க் கூப்பிடுகிறார்:

"வெளிக்கிடுங்கோ. தனிய விடமாட்டன், நானும் வாறன்."